வாடை

தாராபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கேலி கலந்த கேள்விதான்; ஆனால் நியாயம் இல்லாத கேள்வி அல்ல. மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கிற ஊர் இது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது. காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, எங்கள் கண்ணில் மண்ணையும் போட்டுவிட்டுப் போகிறது. பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. சித்திரை வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இப்படிப்பட்ட ஊரில் கார்த்திகை நடுவிலிருந்து தை முடியும்வரை ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்தில், சில நாள் அதற்குக் கீழும், இறங்குகிறது. அமராவதிக் கரையில் விடியும்போது பனி படுத்திருக்கும். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். அந்த இரண்டரை மாதத்தில் பூத்து மணக்கக்கூடிய, கூடுமானவரை வருஷம் முழுக்க இலையோடு நிற்கக்கூடிய புதர்ச்செடிகளை வீட்டைச் சுற்றி வளர்ப்பது ஆறு வருஷமாக என் வேலைகளில் ஒன்று. செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது மணத்துக்கும், மணத்துக்கான சொல்லுக்கும், அங்கிருந்து நம் கவிதைக்கும் வந்து சேர்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

குளிர் நாடுகளில் இது ஒரு தனிக் கலை. டாஃப்னே, சார்கோகோக்கா என்று சில செடிகள். பசுமை மாறாதவை, மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும் பருவத்தில் பூக்கிறவை. சார்கோகோக்காவின் பூ இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளைத் துணுக்கு. பார்த்தால் பூ என்றே சொல்லத் தோன்றாது. மணம் மட்டும் வாசலைத் தாண்டிப் போகும். காரணம் எளிது. குளிரில் பறக்கும் பூச்சிகள் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டையும் தூரத்திலிருந்து கூப்பிட்டாக வேண்டும். நிறத்தில் செலவழித்துப் பயனில்லை. வாசத்தில்தான் செலவழிக்க வேண்டும். இமயமலைச் சரிவில் வளரும் டாஃப்னே போலுவாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் பட்டையிலிருந்துதான் நேபாளத்தில் கைக்காகிதம் செய்கிறார்கள். சமயச் சுவடிகளும் அரசாங்கப் பத்திரங்களும் காலங்காலமாக அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பூத்து மணந்த செடி காகிதமாகி எழுத்தைத் தாங்குகிறது. நம் போன்றவர்களுக்கு இதைவிட உகந்த செடி இருக்க முடியாது. ஆனால் தாராபுரத்துச் சித்திரையில் ஒரு வாரம் கூட அது தாங்காது.

இங்கே நிலைமை நேர் எதிர். எங்கள் பக்கத்துப் பெண்கள் மார்கழியில் தலையில் வைக்கிற பூக்களைப் பாருங்கள். டிசம்பர் பூ, கனகாம்பரம், காக்கடா. முதல் இரண்டுக்கும் வாசனை கிடையாது. காக்கடாவுக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்று. குண்டுமல்லி மாசிக் கடைசியில் தொடங்கி ஆனிவரை கொட்டுகிற பூ. பனி விழ ஆரம்பித்தால் மொட்டு கட்டாது. மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறுவது இதனால்தான். விவசாயிகளும் அந்தச் சமயத்தில்தான் செடிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மல்லிகைக்கு நவம்பர் கடைசியிலும், பிச்சிக்கு டிசம்பர் கடைசியிலும், முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து என்பது வேளாண்மைக் கல்லூரிக்காரர்கள் சொல்லும் கணக்கு. ஆக, சந்தையின் குளிர்காலம் மணமற்ற குளிர்காலம். நிறம் இருக்கிறது, மாலை இருக்கிறது, வாசம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வாசம் மட்டும்.

காரணம் என் அம்மா. கண் அழுத்த நோயில் அவளுக்குப் பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிச்சம் என்ற பிரக்ஞையே இல்லாமல் போய்விட்டது. இப்போது 81 வயது. ஆசாரத்தில் கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கட்டில். கண் போனதில் அவளை மிகவும் துன்பப்படுத்தியது முகங்களை இழந்தது அல்ல, நேரத்தை இழந்தது. உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைக் கண்ணில் விழும் வெளிச்சம்தான் தினமும் திருத்தி வைக்கிறது. வெளிச்சம் அறவே இல்லாதவர்களுக்கு அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பல் விளக்கத் தண்ணீர் கேட்பாள். மத்தியானம் விளக்கு வைத்தாயிற்றா என்பாள். "எனக்கு எப்பவும் ராத்திரிதான் கண்ணு. அதுல இது எந்த ராத்திரின்னு மட்டும் சொல்லு" என்பாள். வெயில் காலத்தில் சமாளித்துவிடலாம். சூடே நேரத்தைச் சொல்லிவிடும். கார்த்திகைக்குப் பிறகு அந்த வழியும் அடைபட்டுப்போகிறது. மேகமூட்டமும் குளிருமாக நாள் முழுக்க ஒரே மாதிரி.

நெடுநல்வாடையை நான் திரும்பப் படித்தது அந்தச் சமயத்தில். பத்துப்பாட்டை உ.வே.சா. 1889இல் பதிப்பித்தபோது அது நமக்கெல்லாம் திரும்பக் கிடைத்தது. 188 அடியில் நக்கீரர் ஒரு குளிர்கால ராத்திரியைக் கட்டி எழுப்புகிறார். அதில் வீட்டுப் புறாக்கள் இரவு பகல் தெரியாமல் மயங்கி, இரை தேடப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருக்கின்றன. என் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். அதே பாட்டில், மழை மூட்டத்தில் பொழுது போனது தெரியாத பெண்கள் கூடையில் பித்திக மொட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதழ் அவிழ்ந்து மணம் வந்ததும் மாலையாயிற்று என்று அறிந்து இரும்பு விளக்கை ஏற்றுகிறார்கள். பித்திகம் என்பது பிச்சி. பூவை அலங்காரமாக அல்ல, கருவியாக வைத்திருக்கிறார்கள். சொல்லப்போனால் அந்தப் பாட்டில் பெண்கள் கோதை சூடுவதில்லை. கூந்தலில் சில பூக்களை மட்டும் இட்டுக்கொண்டு, தகரக் கட்டையின் நெருப்பில் அகிலைப் புகைத்துக் குளிருக்கு ஈடு கொடுக்கிறார்கள்.

லின்னேயஸ் 1751இல், எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எப்போது மூடும் என்று அடுக்கிப் பூக்கடிகாரம் ஒன்றை யோசித்தான். அது பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கடிகாரம். நக்கீரனுடையது மூக்கால் தெரிந்துகொள்கிற கடிகாரம். அதுதான் எனக்குப் பயன்பட்டது.

முதலில் பிச்சி. எங்கள் பக்கத்தில் ஜாதிமல்லி என்பார்கள். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்; அந்தி சாய்ந்ததும் விரியும். இதற்கு முக்கியப் பருவம் ஆனியிலிருந்து கார்த்திகை வரை. மார்கழியிலும் வேண்டுமென்றால் சந்தைக் கணக்கை விட்டுவிட வேண்டும். பிச்சி புதுத் தளிரில்தான் பூக்கும். எனவே எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் எப்போது பூக்கும் என்பது இருக்கிறது. விவசாயி வெட்டுகிற மார்கழியில் நான் வெட்டுவதில்லை. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆவணியில் வெட்டுகிறேன். ஐப்பசி மழையில் தளிர் ஓடி, கார்த்திகைக் கடைசியில் மொட்டு வருகிறது. பருவத்துப் பூவில் கால்வாசி கூடத் தேறாது. ஆனால் கடிகாரத்துக்கு மூட்டை மூட்டையாகப் பூ தேவையில்லை. நாளுக்கு இருபது பூ போதும்.

மண் இன்னொரு பிரச்சினை. சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண், அதோடு உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். இந்த இரண்டும் சேர்ந்தால் மண்ணில் இருக்கும் இரும்பைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை வெளிறி மஞ்சளாகிவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாதம் ஒரு முறை இலை நனையத் தெளித்தால் பச்சை திரும்புகிறது. குழியில் தொழு உரம் தாராளமாக வேண்டும். நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்த பிச்சி கொடியாக ஓடுமே தவிரப் பூக்காது.

எங்கே நடுவது என்பதை முடிவு செய்வது காற்று. ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று எந்த மணத்தையும் நிற்க விடாது. மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து, மெதுவாக. எனவே செடி கட்டிலுக்கு வடகிழக்கே இருக்க வேண்டும். பனிக்கால ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே எழாமல் அப்படியே படுத்துக்கொள்கிறது. ஊர்ப் புகை விடியும்வரை கலையாமல் நிற்பதும் அதனால்தான். மணமும் அதில் மாட்டிக்கொள்கிறது. குளிரில் பூ வெளியிடும் வாசம் குறைவு; ஆனால் வெளியிட்டது ஓடிப்போவதில்லை. வெயில் காலத்து மல்லிகையைப் போல வந்து மோதாது, வந்து இருக்கும். இந்த வடகிழக்குக் காற்றுக்கு நம் மொழியில் வாடை என்று பெயர். மணத்துக்கும் வாடை என்றே பெயர். இரண்டு சொல்லும் வேர் வேறாக இருக்கலாம். என் புறக்கடையில் அவை ஒன்று.

இரண்டாவது பவழமல்லி. கண்டிப்பாகப் பார்த்தால் இது பசுமை மாறாச் செடி அல்ல. மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். ஆனால் ஆவணியிலிருந்து மார்கழி வரை பூக்கும். இருட்டியதும் விரிந்து விடியுமுன் தரையில் உதிர்ந்துவிடும். அதுதான் அம்மாவின் விடியற்காலை. பிச்சி மணத்தின் மேல் இந்த மணம் ஏறி வரும்போது மூன்று, மூன்றரை இருக்கும். உதிர்ந்த பூ ஈரத் தரையில் கிடந்து மணக்கும்போது ஐந்து. அதன் ஆரஞ்சுக் காம்பிலிருந்து எடுத்த சாயத்தில் ஒரு காலத்தில் பட்டும் துறவிகளின் காவித் துணியும் தோய்த்தார்கள். வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கிற சாயம். ஐம்பது கிலோமீட்டருக்கு வடக்கே திருப்பூரில் வெளுக்காத சாயம் தோய்த்ததில் நொய்யல் என்ன ஆயிற்று என்பதும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். வெளுக்கும் சாயத்தில் ஒரு நாகரிகம் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது இரவுராணி. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்திலிருந்து வந்த புதர். இலை உதிராது, எந்த மண்ணிலும் வளரும், வருஷத்தில் பல முறை அலை அலையாகப் பூக்கும், குளிரிலும் ஒரு அலை உண்டு. ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அதன் ஆட்சி. பிச்சிக்கும் பவழமல்லிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைப்பதற்காக வைத்தது. என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே நின்று தையலில் குறை தேடிவிட்டு, கம்பெனி வண்டியில் ஒன்பது மணிக்கு வந்து இறங்குவாள். "ஏனுங்க, இந்த வாசம் மண்டையைப் பொளக்குதுங்க" என்றாள். இரண்டு மார்கழி பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது வருஷம் அம்மாவே, "அதை வெட்டிப்போடு கண்ணு" என்றாள். ஒன்பது மணி உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அவ வர்ற வண்டிச் சத்தம் இருக்குதல்ல. அதுக்கு மேல ஒரு பூ எதுக்கு?" வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மருவும் திருநீற்றுப்பச்சையும் இருக்கின்றன. இவை பூக்காகக் காத்திருக்க வைப்பதில்லை, தொட்டால் மணக்கும். அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டித் தொட்டுக்கொள்வாள்.

கடிகாரம் பலித்ததா என்றால், பாதி பலித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது நின்றபாடில்லை. ஆனால் எழுந்தவள் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பவழமல்லி இன்னும் வரவில்லை என்று தெரிந்து திரும்பப் படுத்துக்கொள்கிறாள். மாசி பிறந்தால் இந்த ஏற்பாடு முடிந்தது. பிறகு வெயில் பார்த்துக்கொள்ளும்.

நான் எதிர்பார்க்காதது வேறு ஒன்று. அந்தி நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிறுத்தி, "எங்கே பூத்திருக்குது?" என்பார்கள். எழுந்து போவார்கள். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பூவைக் கண்டுபிடித்து, ஓ, ஜாதிமல்லியா என்று சொல்லித் திரும்பி வந்து உட்காருவார்கள். விஷயம் முடிந்தது என்கிற திருப்தி முகத்தில் இருக்கும். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "வாசம் வந்ததும் ஏன் எந்திரிச்சுப் போறாங்க? அது இங்கதானே இருக்குது?" என்று கேட்டாள்.

நம் புதுக்கவிதையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி குறுக்கே வருகிறது. 'எழுத்து' 1959இல் வந்தது முதல் படிமம் என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் நாம் கவிதையை அளந்திருக்கிறோம். அந்தச் சொல் நமக்கு நிறையச் செய்து கொடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் படிமம் என்பது பெரும்பாலும் பார்க்கப்பட்டது. 1913இல் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்து முகங்களைப் பூவிதழ்களாகப் பார்த்தபோது அந்த இதழ்களுக்கு மணம் இல்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவன் வழி வந்த நமக்கும் பூ என்றால் நிறம், வடிவம், உதிர்தல். மணம் வந்தால் உடனே எழுந்து போய் எந்தப் பூ என்று வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறோம். பெயர் கிடைத்ததும் அனுபவம் முடிந்துவிடுகிறது.

மொழியும் இதற்கு உடந்தை. கெட்ட வாடைக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! கவிச்சு, முடை, ஊசல், மக்கல், கமறல். ஒவ்வொன்றும் வேறு. எதிலிருந்து வருகிறது என்று சொல்லாமலே என்ன மாதிரி என்று சொல்லிவிடுகிற சொற்கள். நல்ல மணம் என்று வந்தால் மல்லிகை மணம், சந்தன மணம் என்று பிறந்த இடத்தின் பெயரைச் சொல்வதோடு சரி. மலேயத் தீபகற்பத்துக் காட்டில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியில், மூலப்பொருளின் பெயரைச் சொல்லாமல் மணத்தின் தன்மையை மட்டும் குறிக்கும் சொற்கள் ஏறத்தாழ ஒரு டஜன் இருப்பதையும், நாம் நிறத்தைச் சொல்வது போல் அவர்கள் மணத்தைத் தயங்காமல் சொல்லிவிடுவதையும் ஆய்வாளர்கள் 2014இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் மூக்கு நம் மூக்கைவிட உசத்தி என்பதல்ல. சொல் இருக்கிறது, அதனால் அனுபவம் நிற்கிறது.

அம்மா படித்தவள் அல்ல. அவளிடமும் அந்தப் பன்னிரண்டு சொற்கள் கிடையாது. ஆனால் இந்த ஆறு வருஷத்தில் அவள் பேச்சில் சில வினைச்சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. பிச்சி "ஏறுது" என்கிறாள். பவழமல்லி "படுக்குது" என்கிறாள். மருவைக் கிள்ளினால் "குத்துது, அப்பறம் ஆறுது." இரவுராணி இருந்த காலத்தில் அது "மேல வந்து உக்காந்துக்குது" என்பாள். ஒன்றுக்கும் பூவின் பெயர் வேண்டியிருப்பதில்லை. பார்வையற்றவர்களுக்கு ஏதோ ஞானம் கூடிவிடுகிறது என்ற சினிமாத்தனமான கருத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுந்து போய்ப் பார்க்க முடியாதவளுக்கு, வந்ததை வந்த இடத்திலேயே வைத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கவிதை எழுதும்போதாவது அதை நாமே நம் மேல் போட்டுக்கொள்ளலாம். நக்கீரன் போட்டுக்கொண்டிருக்கிறான். பித்திகம் விரிந்ததை அந்தப் பெண்கள் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. மணத்தை அறிகிறார்கள், விளக்கை ஏற்றுகிறார்கள். மணத்துக்கும் செயலுக்கும் நடுவே கண்ணுக்கு வேலை வைக்கவில்லை. அதை நாம் இன்னும் கவிதைக்கான பாடமாகப் படிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

பிச்சியை விதை போட்டு வளர்ப்பதில்லை. தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டால் மூன்று, நாலு மாதத்தில் வேர் விட்டுவிடும். ஆடியில் போட்டது கார்த்திகையில் பிரித்தெடுக்கத் தயாராக இருக்கும். இந்த வருஷம் எட்டுப் பதியன் இருக்கிறது. நண்பர்கள் யாருக்கு வேண்டுமானாலும் தாராபுரம் பக்கம் வரும்போது வாங்கிக்கொண்டு போகலாம். வெயில் விழும் இடமாக, படுக்கிற இடத்துக்கு வடகிழக்கே ஓர் ஒன்றரை அடிக் குழியை மட்டும் முன்பே எடுத்து ஆறப் போட்டுவிட்டு வாருங்கள்.